அநீதியில் இருக்கும் ‘அ’ எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: அநீதி, அசுத்தம், அதர்மம் என்று ஒரு சொல்லுக்கு முன்னால் ‘அ’ வைத்தால் பொருள் எதிராகிவிடுகிறது. அனீமியா, அனஸ்தீசியா போன்ற ஆங்கில மருத்துவச் சொற்களிலும் அதே ஒலி அதே வேலையைச் செய்கிறது. இது தற்செயலா? தமிழிலிருந்து போனதா? ஒரு சொல்லில் இருப்பது இந்த ‘அ’தானா என்று எப்படிக் கண்டுகொள்வது?

தற்செயல் இல்லை, தமிழிலிருந்து போகவும் இல்லை. சமஸ்கிருதத்தின் அ-, அந்-; கிரேக்கத்தின் அ-, அன்-; லத்தீனின் இன்-; ஜெர்மனின் உன்-; ஆங்கிலத்தின் அன்-; ஆர்மீனியத்தின் அன்- எல்லாமே ஒரே முன்னொட்டின் கிளைகள். இந்த மொழிகளுக்கெல்லாம் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘இல்லை’ என்பதற்கு ‘நெ’ என்ற சொல் இருந்தது. சொல்லின் முன்னால் ஒட்டும்போது அதன் உயிரொலி தேய்ந்து, வெறும் மூக்கொலி மட்டும் ஓர் அசையாக நின்றது. உயிர் இல்லாத மெய் எப்படி அசையாகும் என்றால், ‘பட்டன்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் வேகமாகச் சொல்லும்போது கடைசி ‘ன்’னுக்கு முன்னால் உயிரே கேட்காது, அதுபோன்ற ஒலி.

அந்த ஒலி நெடுநாள் அப்படியே நிலைக்கவில்லை. ஒவ்வொரு மொழியும் அதற்கு ஓர் உயிரைக் கொடுத்தது. சமஸ்கிருதமும் கிரேக்கமும் மெய்க்கு முன்னால் மூக்கொலியையே விட்டுவிட்டு ‘அ’ ஆக்கின. உயிருக்கு முன்னால் மட்டும் ‘ன்’ தங்கியது. லத்தீனில் ‘என்’ ஆகிப் பிறகு ‘இன்’ ஆனது. ஜெர்மானிய மொழிகளில் ‘உன்’. ஸ்வீடிஷ் மொழியில் அந்த ‘ன்’னும் போய் ‘ஊ’ போல ஒலிக்கும் ஒற்றை உயிர்தான் எஞ்சியது.

வெறும் ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு உறவு சொல்வது ஆபத்து. ஆகவே இதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூலமொழியில் அதன் நடுவிலும் உயிரில்லாத மூக்கொலி அசை ஒன்று இருந்தது. சமஸ்கிருதத்தில் அது ‘சதம்’, கிரேக்கத்தில் ‘ஹெகதோன்’, லத்தீனில் ‘கெந்தும்’, பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் ‘ஹுந்த்’. அதாவது அந்த இடத்தில் வரிசையாக அ, அ, என், உன். முன்னொட்டிலும் அதே வரிசைதான். தொடர்பே இல்லாத இரண்டு இடங்களில் ஒரே மாற்றம் ஒரே ஒழுங்கில் நடந்திருந்தால், அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

முன்னொட்டு மட்டும் இல்லை, அது ஒட்டிய சொல்லும் சேர்ந்தே உறவாக இருக்கும் இடங்கள் உண்டு. அமிர்தம் = அ + மிருதம், சாவில்லாதது. கிரேக்கத்தில் ‘அம்ப்ரொதோஸ்’ (ம-வுக்கும் ர-வுக்கும் நடுவே ஒரு ப் பின்னால் முளைத்தது). அதிலிருந்துதான் தேவர்களின் உணவான ‘அம்ப்ரோசியா’. லத்தீனில் அதே வேரோடு ‘இம்மொர்தாலிஸ்’. அஞ்ஞாதவாசத்தில் வரும் ‘அஞ்ஞாத’ என்பது கிரேக்கத்தில் ‘அக்னோதோஸ்’, லத்தீனில் ‘இக்னோதுஸ்’. ஆங்கிலத்தில் ‘அன்நோன்’ அதே வேர்தான். அதைவிடச் சுவையானது ‘அன்கூத்’. இன்று முரட்டுத்தனமானவரைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘அறியப்படாத’ என்பதே பொருள். அட்சய திருதியையின் ‘அட்சய’வும் இப்படித்தான்: வேதத்தில் வரும் ‘குன்றாப் புகழ்’ என்ற தொடரும் ஹோமரின் ‘அழியாப் புகழ்’ என்ற தொடரும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதை 1853-இல் ஜெர்மன் மொழியறிஞர் அடால்பெர்ட் கூன் சுட்டிக்காட்டினார். கிரேக்கத்தின் ‘அஃப்திதோன்’னும் நம் அட்சயமும் ஒரே முன்னொட்டு, ஒரே வேர்.

சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி இந்த முன்னொட்டுக்கு ‘நஞ்’ என்று பெயர் வைத்தார். வரலாற்று மொழியியல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, ‘அ’வின் அடியில் ஒரு ‘ந்’ ஒளிந்திருப்பதை அவர் பிடித்துவிட்டார். அவருடைய நூலான அஷ்டாத்யாயியின் 6.3.73-ஆம் சூத்திரம் ‘நஞ்’சின் நகரம் மறையும் என்கிறது, அடுத்த சூத்திரம், உயிர் தொடர்ந்தால் ஒரு நகரம் இடையில் வரும் என்கிறது. நடைமுறையில் விதி எளிது. மெய்க்கு முன் அ: அ + தர்மம், அ + சாத்தியம், அ + கதி. உயிருக்கு முன் அந்: அந் + ஆதி = அநாதி, அந் + ஏகம் = அநேகம், அந் + அந்தம் = அனந்தம், அந் + அர்த்தம் = அனர்த்தம்.

தவறு நேர்வது பிரிக்கும் இடத்தில். அநாதியும் அநாதையும் எழுத்தில் இரட்டைப்பிள்ளைகள். ஆனால் அநாதி = அந் + ஆதி, தொடக்கம் இல்லாதது; அநாதை = அ + நாதன், காக்கத் தலைவன் இல்லாதவர். அநீதி, அநியாயம், அநாமதேயம் ஆகியவற்றிலும் நகரம் பின்சொல்லுக்கு உரியது. ஆகவே ‘அ’வுக்குப் பின் ந அல்லது ன வந்தால் இரண்டு விதமாகவும் வெட்டிப் பார்க்க வேண்டும். எழுத்து உதவாது; அநேகம், அனேகம் இரண்டும் எழுதப்படுகின்றன. பின்சொல்லே ந-வில் தொடங்கினால் ந, முன்னொட்டைச் சேர்ந்த மூக்கொலி என்றால் ன என்று பிரித்து எழுதுவது வாசிப்பவருக்கு வசதி. ஆனால் பழைய அச்சில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். இந்தி இந்த விதியை மீறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: படிக்காதவர் ‘அன்பட்’, அறியாதவர் ‘அன்ஜான்’, மெய்க்கு முன்னாலும் ‘அன்’தான்.

இனி வேடதாரிகள். சமஸ்கிருதத்தில் அ-வில் தொடங்கும் முன்னொட்டுகள் இன்னும் பல உண்டு: அனு (பின்தொடர்தல்), அப (விலகல்), அவ (கீழ்), அபி (நோக்கி), அதி (மிகுதி; ‘மேல்’ என்ற பொருள் தரும் இன்னொரு முன்னொட்டும் தமிழ் எழுத்தில் இதே வடிவம்தான்). அனுமதி, அனுபவம், அவமானம், அபிமானம், அதிசயம், அதிகாரம் எதிலும் எதிர்மறை இல்லை. இதற்கு நல்ல சோதனை அபயமும் அபாயமும். ஒரு கால்தான் வித்தியாசம். அபயம் = அ + பயம், அச்சமின்மை. அபாயம் = அப + அயம், விலகிப் போதல், அதனால் இழப்பு, கேடு. ஒன்று அடைக்கலம், மற்றது அதற்குக் காரணம்.

எதிர்ப்பக்கமும் ஏமாறலாம். அவசியம் ‘அவ’ போலத் தோன்றும். உண்மையில் அ + வசியம், நம் வசப்படாதது, ஆகவே தவிர்க்க முடியாதது. அதிர்ஷ்டமும் அதிருப்தியும் ‘அதி’ போலத் தோன்றும். ஆனால் அதிருப்தி = அ + திருப்தி. அதிர்ஷ்டம் = அ + திருஷ்டம், கண்ணால் காணாதது; காரணம் தெரியாமல் வந்து சேர்வது என்பதால் அது யோகத்துக்குப் பெயரானது. துரதிர்ஷ்டத்தில் அதற்கும் முன்னால் ‘துர்’ என்ற இன்னொரு முன்னொட்டு உட்கார்ந்திருக்கிறது. அபத்தம் = அ + பத்தம், கட்டப்படாதது, கோவையற்ற பேச்சு. அமாவாசையில் எதிர்மறையே கிடையாது: ‘அமா’ என்றால் சேர்ந்து, ‘வாசம்’ உறைதல், சூரியனும் சந்திரனும் கூடியிருக்கும் நாள். அந்நியன் என்பதும் ‘அன்ய’, அதாவது பிறன். அதிலும் எதிர்மறை இல்லை.

சமஸ்கிருதம் பேசியவர்களே ஏமாந்த இடம் அசுரன். ரிக்வேதத்தின் பழைய பகுதிகளில் வருணன் போன்ற தேவர்களுக்கே ‘அசுர’ என்ற பட்டம் வருகிறது. ஈரானியக் கிளையில் அதே சொல் ‘அஹுர’. ஜொராஸ்டிரியர்களின் இறைவன் அஹுர மஸ்தா. இந்தியாவில் பொருள் கெட்ட பிறகு, முதலெழுத்தை எதிர்மறை என்று எண்ணி வெட்டி, மிச்சமான ‘சுர’ என்பதைத் தேவர் என்று ஆக்கிக்கொண்டார்கள். சுரர் என்ற சொல் அப்படிப் பிறந்தது. விதவை கதையும் இதுவே. ‘வி’ என்பதை இல்லாமை என்று வெட்டி, ‘தவ’ என்றால் கணவன் என்று புதுச்சொல் உண்டாக்கினார்கள். லத்தீனின் ‘விதுவா’வையும் ஆங்கிலத்தின் ‘விடோ’வையும் பக்கத்தில் வைத்தால் அது முழுச்சொல் என்பது தெரிந்துவிடும்.

பொருளுக்கு வருவோம். அ- என்றால் ‘இல்லை’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் பாதிச் சொற்களில் தடுக்கி விழுவார்கள். சமஸ்கிருத இலக்கணிகளின் மரபுச் செய்யுள் ஒன்று ‘நஞ்’ என்ற இந்த முன்னொட்டுக்கு ஆறு பொருள் சொல்கிறது: ஒப்புமை, இன்மை, வேற்றுமை, சிறுமை, இழிவு, எதிர்மை. சிறுமைக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘அநுதரா’, வயிறு இல்லாதவள், பொருள் சிற்றிடையாள். தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் சொற்களுக்கு மூன்று போதும். அநாதை இன்மை: நாதன் இல்லை. அசைவம் அன்மை: சைவம் அல்லாதது எதுவோ அது. அதர்மம் மறுதலை: தர்மம் இல்லாத வெற்றிடம் அன்று, தர்மத்துக்கு எதிராக நடப்பது. இந்த மூன்றையும் குழப்பாமல் இருந்தால் மொழிபெயர்ப்பில் பாதிச் சிக்கல் தீரும்.

நான்காவதாக இழிவையும் சேர்த்துக்கொள்ளலாம். அகால மரணம் என்றால் காலம் இல்லாத மரணம் அன்று. தகாத காலத்தில் நேர்ந்தது. ஜெர்மன் மொழியில் இந்தப் பயன்பாடு ஏராளம். ‘வெட்டர்’ வானிலை, ‘உன்வெட்டர்’ புயல்மழை. ‘கிரவுட்’ செடி, ‘உன்கிரவுட்’ களை. வானிலை இல்லாமலும் போகவில்லை, செடி செடியாக இல்லாமலும் போகவில்லை. வேண்டாத வானிலை, வேண்டாத செடி, அவ்வளவுதான்.

சில சொற்களில் எதிர்மறை உறைந்துபோய் வேறு பொருளே வந்துவிட்டது. அபூர்வம் = முன்பு இல்லாதது; இன்று அரியது. அசம்பாவிதம் = எண்ணிப் பார்க்க முடியாதது; இன்று விபத்து, கலவரம். அமரர் = சாகாதவர்; இன்று செய்தித்தாளில் காலமானவர் பெயருக்கு முன்னால். அநேகம் = ஒன்று அல்ல, ஆகவே பல. இதே ‘ஒன்று அல்ல’ என்ற சேர்க்கை லத்தீனில் ‘நோன்’ ஆகி வெறும் இல்லை ஆனது. ஆங்கிலத்தின் ‘நன்’ ஒருவரும் இல்லை என்றானது. ஒரே கணக்கு, ஒரு பக்கம் விடை பல, இன்னொரு பக்கம் பூஜ்யம்.

கிரேக்கப் பக்கம் தமிழ்நாட்டு வீட்டுக் கூரை வரை வந்திருக்கிறது: ‘ஆஸ்பெஸ்டாஸ்’ = அணைக்க முடியாதது. 1894-இல் கண்டறியப்பட்ட ஆர்கான் வாயு எதனோடும் வினைபுரியாததால் ‘வேலை செய்யாதது’ என்று பெயர் பெற்றது. செவ்வந்திக்கல்லின் ஆங்கிலப் பெயரான ‘அமெதிஸ்ட்’ என்பது போதை ஏற்றாதது. அதனுள் இருக்கும் ‘மெதி’ நம் மது என்ற சொல்லின் உறவு. அடைக்கலத்துக்கான ஆங்கிலச் சொல்லான ‘அசைலம்’ என்பது பறித்துச் செல்ல முடியாத இடம். அதைத் தேடுபவரை நாம் அகதி, போக்கிடம் இல்லாதவர் என்கிறோம். இரண்டிலும் அதே முன்னொட்டு.

மருத்துவச் சொற்களைப் பிரிக்கும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். அனீமியா என்பது அன் + ஹைமா (இரத்தம்). நடுவிலிருந்த ஹ் கரைந்துவிட்டது, அதனால் ‘அ + நீமியா’ என்று வெட்டாதீர்கள். ர-வில் தொடங்கும் சொல்லுக்கு முன் ர் இரட்டிக்கும்: இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ‘அர்ரித்மியா’. மூன்றாவது, ‘அனா’ என்பது வேறு முன்னொட்டு. அணுவுக்கான ‘அதொமோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வெட்ட முடியாதது. ‘அனாட்டமி’ முழுக்க வெட்டிப் பிரிப்பது. ‘தொம்’ என்ற வெட்டு வேர் இரண்டிலும் ஒன்றே. பெயரை அப்படியே நம்பவும் கூடாது: ‘அஸ்ஃபிக்சியா’ சொல்லளவில் நாடித்துடிப்பு இன்மை, மருத்துவர்கள் சொல்வதோ மூச்சுத்திணறல்.

லத்தீனின் இன்- அடுத்த எழுத்துக்கு வளைந்துகொடுக்கும். ப, ம முன் இம் (இம்பாசிபிள்), ல முன் இல் (இல்லீகல்), ர முன் இர் (இர்ரெகுலர்). பெரிய சிக்கல் அங்கில்லை. ‘உள்ளே’ என்று பொருள்படும் இன்னொரு இன்- லத்தீனில் இருக்கிறது. இரண்டும் எழுத்தில் ஒன்றே. ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதில் இருப்பது இந்த இரண்டாவது. தீப்பற்றக்கூடியது என்றே அதன் பொருள். தீப்பற்றாதது என்று எண்ணி யாராவது டேங்கர் அருகில் பீடி பற்றவைத்தால் என்ன ஆகும்? அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களில் முன்னொட்டில்லாத ‘ஃப்ளேமபிள்’ என்ற வடிவத்தைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தியது. இன்றும் லாரிப் பலகையில் இரண்டையும் பார்க்கலாம்; இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

ஆங்கிலத்தின் அன்-னிலும் இரண்டு உண்டு. ‘அன்ஹேப்பி’யில் இருப்பது நம் அ-வின் உறவு. ‘அன்டை’ (கட்டவிழ்), ‘அன்லாக்’ (பூட்டைத் திற) போன்ற வினைகளில் இருப்பது செய்ததை இல்லாமலாக்கும் வேறு முன்னொட்டு. ஜெர்மனின் ‘என்ட்’ அதன் உறவு. ‘அன்லாக்கபிள்’ என்ற ஒரே சொல் ‘பூட்ட முடியாத’, ‘திறக்கக்கூடிய’ என்று இரண்டு பொருள் தருவது இதனால்தான். ‘அலைவ்’, ‘அஸ்லீப்’ சொற்களின் தொடக்க ‘அ’ எதிர்மறையே இல்லை. ‘ஆன்’ என்ற பழைய முன்னிடைச்சொல் தேய்ந்தது.

தமிழுக்கு வருவோம். தமிழின் சொந்த ‘அ’ சுட்டெழுத்து: அவன், அக்கரை, அம்மரம், அந்நாள். சுட்டு அடுத்த மெய்யை இரட்டிக்கும், எதிர்மறை அ- இரட்டிக்காது. அக்காலம் என்றால் அந்தக் காலம். அகாலம் என்றால் தகாத காலம். இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்கும். பின்சொல் வடமொழியில் கூட்டு மெய்யில் தொடங்கினால் மட்டும் பலிக்காது. அங்கே தமிழ் எழுத்துமுறை இரட்டித்துவிடும். அக்கிரமம் = அ + கிரமம், அப்பிரதட்சிணம் = அ + பிரதட்சிணம், அச்சுதன் = அ + ச்யுதன், நழுவாதவன்.

எதிர்மறைக்குத் தமிழின் வழி பின்னால் ஒட்டுவது: வாடாத மலர், செல்லாக்காசு, நிகரற்ற, பண்பில்லாத. முன்னால் வரவே வராதா என்றால் வரும், ஆனால் அல், இல் என்ற முழு வேர்களாக வரும். அஃறிணை = அல் + திணை. அல்வழிப் புணர்ச்சி, இல்பொருள் உவமை அப்படியே. அன்மொழித்தொகையில் ‘அன்’ இருப்பதைப் பார்த்து வடமொழி முன்னொட்டு என்று எண்ணக் கூடாது. அல் + மொழி, ல் மகரத்தின் முன் ன் ஆகியிருக்கிறது. வடமொழி அந்- மெய்க்கு முன்னால் வரவே வராது என்ற விதி இங்கே கைகொடுக்கும். அல், இல் என்ற இந்த வேர்களிலிருந்து அ- பிறந்தது என்று சிலர் எழுதுவது நிற்காது. கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் உயிருக்கு முன் தலைகாட்டுவது ன், ல் இல்லை.

பேச்சில் புழங்கும் பேமானியின் ‘பே’ பாரசீகத்திலிருந்து வந்த வேறு சரக்கு. பே + ஈமான், நம்பிக்கை இல்லாதவன்.

கலைச்சொல் ஆக்குபவர்களுக்கு ஒன்று. அ- தமிழில் பல நூற்றாண்டுகள் இருந்தும் தமிழ்ச் சொற்களோடு ஒட்டவே இல்லை. நேர்மைக்கு எதிர் ‘அநேர்மை’ என்றால் சிரிப்பார்கள், நேர்மையின்மைதான். வடசொல்லோடு ஒட்டும்போதும் மூல வடிவத்தோடுதான் ஒட்டும். பள்ளிப் பாடநூலின் அலோகம் நல்ல மாதிரி. உலோகத்தின் ‘உ’, லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் நாம் சேர்த்த துணையெழுத்து. முன்னால் அ- வந்ததும் அந்தத் துணை தேவையில்லாமல் போய், லோகம் அ-வோடு நேராக ஒட்டிக்கொண்டது. ‘அனுலோகம்’ என்றோ ‘அவுலோகம்’ என்றோ ஆக்காமல் விட்டவர்கள் விவரம் தெரிந்தவர்கள். புதுச்சொல் வேண்டுமென்றால் முதலில் இன்மையா, அன்மையா, மறுதலையா என்று முடிவுசெய்யுங்கள். இன்மைக்கு -இல்லா, -அற்ற, அன்மைக்கு அல்லாத, மறுதலைக்கு எதிர். சர்க்கரையற்ற பானம், அரசு அல்லாத நிறுவனம், எதிர்நச்சு. இந்த மூன்று பொருளுக்கும் வடமொழி ஒரே அ-வைப் போட்டுவிட்டுப் பொருளைக் கேட்பவரிடம் விட்டுவிடும். தமிழில் மூன்றுக்கும் மூன்று சொல் இருக்கும்போது அதைக் கடன் வாங்க வேண்டிய இடங்கள் குறைவு.